பதினொன்று ஏறாத கணினிக்கு லினக்ஸ் ஏறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டதிலிருந்து, திருகோணமலையில் பழைய கணினியைத் திருத்தக் கொண்டுபோகும் பலருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "இதுக்குப் பதினொண்டு ஏறாது, புதுசு ஒண்டு எடுங்கோ" என்கிறார்கள். விண்டோஸ் 11 ஏறாது என்னும் முதற்பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியை ஏற்றுக்கொள்ள முன்னர் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். நான் எழுதுவது, உதிரிப்பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயோ விடயம் தெரிந்த பையன் ஒருவரைக் கொண்டோ பொருத்திய, ‘அசெம்பிள்’ என்று நாம் சொல்லும் மேசைக்கணினிகளைப் பற்றி.

உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும், துணியால் மூடப்பட்டு மூலையில் இருக்கும் அப்படியான பெட்டி ஒன்றைக் காணலாம். 2011, 2012 காலத்தில் பொருத்தப்பட்டவற்றைத் திறந்தால் எச்61 வகை மதர்போர்ட், இன்டெல் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறைப் புரொசெசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்பன வழக்கமாக இருக்கும். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் 2017இன் பிற்பகுதியில் வரத் தொடங்கிய 8ஆம் தலைமுறைப் புரொசெசரையும் அதற்குப் பிந்தியவற்றையுமே. நமது பெட்டி அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் கடிதம் தட்டச்சு செய்யவும், பிள்ளைகள் சூம் வகுப்பில் இருக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் வேண்டிய வலு அந்த ஐ3 புரொசெசருக்கு இன்றும் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய பின்னர் கணினி விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை என்பதை எல்லோரும் அறிவோம். ஆகவே இயங்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கச் சொல்வது சிறிய ஆலோசனையன்று.

புதிது வாங்க முடியாதவர்களுக்கு இரண்டாவதாகச் சொல்லப்படும் வழி இன்னும் மோசமானது. விண்டோஸ் 11இன் சோதனைகளை ஏய்த்துவிட்டு நிறுவித் தருகிறோம் என்றோ, உரிமம் வாங்காமலே விண்டோஸை இயங்கவைக்கும் ‘அக்டிவேட்டர்’ போட்டுத் தருகிறோம் என்றோ சிலர் சிறு தொகை வாங்குகிறார்கள். அந்த அக்டிவேட்டரை இயக்குவதற்கு முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். யார் எழுதியதென்று தெரியாத ஒரு நிரலைக் காவலை நீக்கிவிட்டு உள்ளே விடுவதன் பொருள் என்ன என்பதை, அதே கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுபவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கினூடாகப் பதிவுசெய்துகொண்டால் விண்டோஸ் 10க்கான மேலதிகப் பாதுகாப்புக் கிடைக்கும்தான். அந்த நீடிப்புக்கு முதலில் அறிவிக்கப்பட்ட எல்லை 2026 ஒக்டோபர் 13.

இந்த இடத்தில்தான், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக நிறுவக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் பயன்படுகிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய கருநிரலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களையும் சேர்த்துப் பலர் பலவாறாகத் தொகுத்து வெளியிடுகிறார்கள். அவற்றுள் எதை எடுப்பது என்ற விவாதத்தில் இளைஞர்கள் நாட்களைப் போக்குகிறார்கள். விண்டோஸ் பழகிய வீட்டாருக்கு அந்த விவாதம் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான பதிப்பு, பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அது உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் வரும். குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி வேண்டும் என்று அதன் வெளியீட்டாளர்களே சொல்கிறார்கள். இயங்குதளம் 2 ஜிபியில் ஓடிவிடும். உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்ததும் திணறத் தொடங்கும். பழைய கணினியின் நினைவகத்தை இன்று விழுங்குவது இயங்குதளத்தைவிட இணையப் பக்கங்களே.

எல்லாப் பழைய கணினிக்கும் இது பொருந்தாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பென்டியம் 4 காலத்து, 32 பிட் என்னும் பழைய வகைக் கணினியைத் தூசி தட்டி எடுப்பதில் பயனில்லை. உபுண்டு வெகு முன்னரே 32 பிட்டைக் கைவிட்டது. நீண்டகாலம் தாங்கிப்பிடித்த டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பும் 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை வெளியிடவில்லை. 2006இல் வந்த கோர் 2 டுவோவும் அதற்குப் பிந்தியனவும் 64 பிட். அந்த எல்லைக்கு இப்பால் உள்ளவற்றைப் பற்றியே இனி எழுதுகிறேன்.

நிறுவும் முறையை விளக்கும் காணொளிகள் தமிழிலும் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் கடற்கரை ஊர் ஒன்றில் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் உப்புக்காற்றில் இருந்த பெட்டியைப் பற்றி அவை பேசுவதில்லை. லினக்ஸை ஏற்ற முயன்று பாதியில் நின்றது, ஆகவே லினக்ஸ் சரியில்லை என்று சொல்பவர்களின் கணினியைப் பார்த்தால், பெரும்பாலும் குறை வன்பொருளில்தான் இருக்கும். கேசிங்கின் முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் ஒரு டோர்ச் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் தகட்டில் துரு படிந்திருக்கும், தொடுமுனைகள் மங்கிப்போயிருக்கும். அதில் லினக்ஸ் எழுதிய பென்டிரைவைச் செருகினால் கோப்புகளை நகலெடுக்கும்போது இடையில் தொடர்பு அறுந்து, நிறுவல் ஏதோவொரு சதவீதத்தில் உறைந்து நிற்கும். மதர்போர்டிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டுள்ள பின்பக்கத் துளையைப் பயன்படுத்தினால் அநேகமாக அந்தச் சிக்கல் எழாது. ராமைக் கழற்றி, அதன் தங்கநிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு மீண்டும் அழுத்திப் பொருத்துவது நமது திருத்துநர்கள் எல்லோரும் செய்யும் வேலை. லினக்ஸ் ஏற்றுவதற்கு முன்னர் அதைச் செய்துவிடுவது நல்லது. மதர்போர்டில் உள்ள உருளைவடிவ மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புநிறத் திரவம் கசிந்திருந்தாலோ அந்த மதர்போர்டை நம்பி எந்த இயங்குதளத்தையும் ஏற்ற வேண்டாம்.

மதர்போர்டில் இருக்கும் நாணயம்போன்ற பற்றரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். அது செத்துப்போனால், மின்வெட்டு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கணினி தன் அமைப்புகளை மறந்து, கறுப்புத் திரையில் எஃப்1ஐ அழுத்தச் சொல்லி நிற்கும்; திகதி மதர்போர்ட் செய்யப்பட்ட காலத்துக்குப் போய்விடும். பிறகு இணைய இணைப்புக் கிடைத்து நேரம் தானாகச் சரியாகும்வரை, பாதுகாப்பான தளங்கள் எவற்றையும் உலாவி திறக்காது. சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கும். புதிய இயங்குதளத்தில் கோளாறு என்று வீட்டார் நினைப்பார்கள்.

ஹார்ட் டிஸ்கைப் பற்றி ஒரு கருத்தை அழுத்தியே சொல்கிறேன்: கணினிக்குச் செலவழிக்கக் கையில் கொஞ்சப் பணந்தான் இருக்கிறது என்றால், அதை வேறெதிலும் போடாமல் 240 ஜிபி அளவிலான ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். இரண்டாம் தலைமுறை ஐ3 மெதுவாக இருப்பதாக நாம் உணர்வது பெரும்பாலும் சுழலும் வட்டின் தாமதத்தால். எஸ்எஸ்டி வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு. பழைய வட்டின் சாட்டா வயரைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியை மட்டும் பொருத்தி நிறுவலாம். நிறுவியில் வரும் "வட்டை அழித்துவிட்டு நிறுவு" என்ற தெரிவை எவ்வளவு கவனயீனமாக அழுத்தினாலும், கலியாணப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களும் இருக்கும் பழைய வட்டுக்கு அப்போது ஆபத்தில்லை. நிறுவி முடித்து, கணினியை நிறுத்திவிட்டு, அந்த வயரை மீண்டும் செருகினால், பழைய கோப்புகள் லினக்ஸிலும் தெரியும். (விண்டோஸைக் கடைசியாக நிறுத்தும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அரைத்தூக்கத்தில் வைத்துப்போன வட்டில், லினக்ஸ் கோப்புகளைப் படிக்க விட்டாலும் எழுத விடாது.) பிறகு எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதை, கணினியை ஏற்றும்போது எஃப்12, எஃப்8, எஃப்11 என்று மதர்போர்டுக்கு மதர்போர்ட் வேறுபடும் விசையால் தெரிவுசெய்யலாம்.

இவ்வாறு இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். லினக்ஸில் வேலை செய்துவிட்டு மாலை 7 மணிக்கு விண்டோஸைத் திறந்தால், அதன் கடிகாரம் பிற்பகல் 1.30 என்று காட்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம். இலங்கைக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். லினக்ஸில் ஒரேயொரு கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். இது தெரியாமல், நல்ல பற்றரியைக் கழற்றி வீசிவிட்டுப் புதிது போடுபவர்களும் இருக்கிறார்கள்.

எதையும் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பது அசெம்பிள் கணினிகளுக்குக் கிடைத்த பெரிய வரம். ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நிறுவனத்துடையதாக இருப்பதால், இந்தப் பெட்டிக்கு இது சரிவரும் என்று எந்த நிறுவனமும் உறுதி தந்திருக்காது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, திரையின் அளவு சரியா, அச்சுப்பொறி தெரிகிறதா என்பவற்றை ஆறுதலாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தொடக்கத்திலேயே திரை கறுத்துப்போனால், அநேகமாகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டே காரணம். ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைக் கார்டுகளுக்கு அவற்றின் உற்பத்தியாளர் சாரதி (டிரைவர்) மென்பொருள் வெளியிடுவதை 2019உடன் நிறுத்திவிட்டார். தொடக்கப் பட்டியலில் ‘கொம்பேட்டிபிலிட்டி மோட்’ என்பதைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம். என்னைக் கேட்டால், புரொசெசரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருந்து மதர்போர்டில் விஜிஏ இணைப்பும் இருக்குமானால், அந்தக் கார்டைக் கழற்றிவிடுவதே மேல். இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு லினக்ஸில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மின்கட்டணத்திலும் சற்று மிஞ்சும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். யுனிகோட் தமிழ் மின்ட்டில் நன்றாகவே தெரியும். தட்டச்சு செய்ய, ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவினால், தமிழ்99, ஒலியியல் முறை, நம் நாட்டில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை ஆகிய மூன்றும் கிடைக்கும். தலையிடி தருவது பாமினி. பாடசாலைகள், கோயில் சபைகள், சங்கங்கள், கொம்யூனிகேஷன் கடைகள் என்று எல்லா இடத்திலும் இருபது வருடக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு மட்டும். ஆகவே அந்த எழுத்துரு இல்லாத கணினியில், மைக்ரோசொஃப்ட் ஓபிஸுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் லிப்ரெஓபிஸில் திறந்ததும் பக்கம் முழுவதும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குழம்பித் தெரியும். லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று பதறுகிறார்கள். பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை நகலெடுத்து, அதை இரட்டைச் சொடுக்குச் செய்து நிறுவிவிட்டால் கடிதம் பழையபடி தெரியும். ஆயினும் புதிதாக எழுதும் எதையும் யுனிகோடிலேயே எழுதுவதும், முக்கியமான பழைய கோப்புகளை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளால் யுனிகோடுக்குக் கொண்டுவருவதும் எந்த இயங்குதளத்தில் இருப்பவரும் செய்யவேண்டியதுதான். பாமினியில் எழுதிய கடிதத்தைக் கணினியில் பெயர் சொல்லித் தேடி எடுக்கக்கூட முடியாது.

செய்ய முடியாதவற்றையும் சொல்லாவிட்டால் இக்கடிதம் விளம்பரமாகிவிடும். ஃபோட்டோஷொப், பேஜ்மேக்கர் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்யும் அச்சகத்தாரும் ஸ்டூடியோக்காரரும் லினக்ஸுக்கு மாற வேண்டாம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை வைத்திருக்கும் கடைக்காரரும் அவ்வாறே. சில பழைய, சிறிய லேசர் அச்சுப்பொறிகள் லினக்ஸோடு ஒத்துழைக்கவே மாட்டா. வாங்குவதற்கு முன்னர் மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். லிப்ரெஓபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணைகள் நிறைந்த அரச விண்ணப்பப் படிவங்களில் கோடுகள் சற்று இடம்மாறும். அப்படியான ஒன்றை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே நல்லது.

மறுபுறம், க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணினி கிடையாது. பாடத்திட்டத்தில் உள்ள பைதன் மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தரவுத்தளமும் வலைச் சேவையகமும் சில நிமிடங்களில் இலவசமாக வந்துவிடும். கோப்புகளுக்கான அனுமதிகள், செயல்முறைகள், கோப்பு முறைமை என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்பவற்றை அந்தப் பழைய பெட்டியில் தானே தட்டிப் பார்க்கலாம். கெட்டுப்போனால் பென்டிரைவைச் செருகி மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

லினக்ஸும் திறந்த மூல மென்பொருளும் வெளிநாட்டு ஆர்வலரின் பொழுதுபோக்கு என்று இங்கு ஓர் எண்ணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் நம் கரையையும் அழித்துச் சென்றபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணங்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கைக் கணினித் தொண்டர்கள் எழுதிய ‘சஹானா’ திறந்த மூல மென்பொருளே. அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் சொல்லித்தந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

எனது வேண்டுகோள் இரண்டு. மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. கைபேசி டேட்டாவை அளந்து பாவிக்கும் வீட்டுக்கு அது பெரிய சுமை. பாதியில் அறுந்தால் மறுபடியும் தொடங்க வேண்டும். திருகோணமலைப் பொது நூலகமும், கிண்ணியா, மூதூர் நூலகங்களும் அந்தக் கோப்பைத் தரவிறக்கி, கோப்பு பழுதின்றி வந்ததைக் காட்டும் சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தம் கணினி ஒன்றில் வைத்திருந்து, பென்டிரைவோடு வருபவர்களுக்கு இலவசமாக எழுதிக்கொடுக்கலாம். செலவு எதுவுமில்லை, உரிமமும் அதற்கு முழுமையாக இடமளிக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை அந்த நூலக மண்டபத்தில் இருந்து, பெட்டியைச் சுமந்து வருபவர்களுக்குக் கைகொடுத்தால், மேலே சொன்ன பற்றரி, பாமினி, கடிகாரச் சிக்கல்கள் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். முதியவர்கள் முச்சக்கரவண்டியில் திரையையும் தூக்கிக்கொண்டு வராதபடி, கேசிங்கை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

தாங்களும் தங்கள் வார இதழில் இதற்கான செய்முறையைப் படங்களோடு தமிழில் ஒரு பக்கத்துக்கு வெளியிட்டால், இணையம் இல்லாத வீட்டாரும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வர். அப்பக்கத்தில், நிறுவத் தொடங்க முன்னர் பழைய வட்டின் வயரைக் கழற்றச் சொல்லும் படத்தைத் தயவுசெய்து முதலாவதாகப் போடவும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.